கேட்காத வீட்டுப் பிள்ளைக்கே முதல் வெட்டு

பணமுடை வந்தால் எந்தச் செலவை முதலில் குறைப்பது என்ற கேள்வி வீட்டுக்கும் உண்டு, அரசாங்கத்துக்கும் உண்டு. வீட்டில் இதற்கு விடை காண நிபுணர் குழு தேவையில்லை. சினிமா நிற்கும். புதுத் துணி நிற்கும். ஊருக்குப் போய் வருவது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகும். நோஞ்சான் பிள்ளைக்கு வாங்கும் பாலை மட்டும் எந்தத் தாயும் நிறுத்தமாட்டாள். அரசாங்கத்தின் கணக்கோ இதற்கு நேர் எதிரானது. யார் வந்து கேட்கமாட்டார்களோ, அவர்களுக்கான செலவில்தான் அங்கே முதலில் கத்தரி விழுகிறது.

பள்ளிக்கூடங்களில் அப்படிக் கத்தரி விழும் இடம் சிறப்புக் கல்வி. கண் தெரியாத, காது கேளாத, கை கால் வழங்காத, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய, ஆட்டிசம் அல்லது மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான கல்வி இது. இந்தக் குழந்தைகள் ஊர்வலம் போகமாட்டார்கள். இவர்களுக்கு ஓட்டும் கிடையாது. இவர்களுக்காகப் பேச வேண்டியவர்கள் பெற்றோர். அந்தப் பெற்றோர், பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்து, பாஷை தெரியாமல், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்களானால் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

மும்பைத் தமிழர்களாகிய நாம் இந்தக் கேள்வியை நேருக்கு நேராகச் சந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு கட்டிங் சாய்க்குக் காணாத கணக்கு

நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்விக்குப் பணம் வரும் முக்கிய வழி, 2018-ல் தொடங்கிய ‘சமக்ர சிக்ஷா’ எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். மத்திய அரசு ஒரு பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் போட்டு நடத்துகிற திட்டம் இது. 2020-21 மத்திய பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய தொகை சுமார் 38,750 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே அது 31,050 கோடியாகக் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எந்த ஆண்டில்? கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து, மற்றக் குழந்தைகள் செல்போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, திரையைப் பார்க்க முடியாத, குரலைக் கேட்க முடியாத குழந்தைகள் ஒன்றுமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஆண்டில்!

2025-26 பட்ஜெட்டில் இந்தத் தொகை 41,250 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால், 2020-21-ல் ஒதுக்கியதை விட 5 ஆண்டில் கூடியது 2,500 கோடிதான். இதே 5 ஆண்டில் அரிசி என்ன விலை ஏறியது, வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலைவாசியோடு ஒத்துப்பார்த்தால் இதுவும் ஒரு வெட்டுதான்.

இந்தப் பெரிய தொகையில் சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்றின் பங்கு என்ன? திட்ட விதிகளின்படி, ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை. உபகரணம், புத்தகம், போக்குவரத்து போன்ற தேவைகளுக்கு இதுதான். பெண் குழந்தையானால் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு உதவித்தொகை உண்டு. 3,500 ரூபாயை 365 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 ரூபாய்கூட வரவில்லை. இந்த நகரத்தில் ஒரு கட்டிங் சாய்க்கே அது காணாது. திட்டம் தொடங்கியபோது இருந்த இந்தத் தொகை, 2021-ல் திட்டத்தை 2026 வரை நீட்டித்தபோதும் உயரவில்லை.

இப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? 2021-22 ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி பள்ளிகளில் பெயர் பதிந்தவர்கள் மட்டும் 22 லட்சத்து 67 ஆயிரம் பேர். பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஊர் விட்டு ஊர் போகும் தொழிலாளியின் பிள்ளை இரண்டு ஊர்க் கணக்கிலும் விட்டுப்போவதற்கு வழி அதிகம்.

பிள்ளையை ஊரில் பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டு இங்கே உழைப்பவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2024-25-ல் இதே திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் புதிய கல்விக் கொள்கையிலும் எழுந்த தகராறுதான் காரணம். 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரு அரசுகளில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஆனால், வட்டார வள மையத்துக்கு வாரந்தோறும் வந்து பிள்ளையின் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவருக்கும், சிறப்புப் பயிற்றுநருக்கும் சம்பளம் வரும் திட்டமும் இதுவே. அந்தக் குழந்தைக்குக் கொள்கை தெரியாது. பயிற்சி நின்றால் கால் இறுகிப்போகும் என்பது மட்டும் அதன் உடம்புக்குத் தெரியும்.

ஓசைப்படாத வெட்டு

பட்ஜெட் வெட்டு என்றால் சட்டசபையில் மந்திரி எழுந்து அறிவிப்பார், பத்திரிகையில் தலைப்புச் செய்தி வரும் என்று நாம் நினைக்கிறோம். சிறப்புக் கல்வியில் வெட்டு அப்படி வருவதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரின் இடம் நிரப்பப்படாது. ஒப்பந்த ஆசிரியரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஒரு பள்ளிக்கு இருந்தவர் நாலு பள்ளிக்குப் பொதுவாவார், நாலு பத்தாகும். பிறகு அவர் வாரத்தில் எந்த நாள் வருவார் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். இதில் எதையும் ‘வெட்டு’ என்று எந்தக் காகிதத்திலும் எழுதமாட்டார்கள்.

பணக்கார நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பணநெருக்கடியில் இருந்த சமயம், 2004-ல், மாநிலக் கல்வித்துறை ஒரு காரியம் செய்தது. ஒரு பள்ளி மாவட்டத்தில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர் எண்ணிக்கை 8.5 சதவிகிதத்துக்கு மேல் போனால் அந்த மாவட்டத்துக்குக் குறைந்த மதிப்பெண். மேலிடத்தின் கண்காணிப்பும் வரும். குழந்தைகளைக் குணப்படுத்தி எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா? முடியாது. ஆகவே பள்ளிகள் வேறு வழி கண்டன. ‘உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்’ என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பின. சுமார் 12 சதவிகிதமாக இருந்தது சில ஆண்டுகளில் 8.5 சதவிகிதத்துக்கே இறங்கிவிட்டது. 2016-ல் ஹூஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்று இதைத் தோண்டி எடுத்து வெளியிட்டது. பெற்றோர் திரண்டார்கள். 2017-ல் அந்த உச்சவரம்பு ஒழிந்தது. 2018 ஜனவரியில் மத்திய கல்வித்துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால், 12 ஆண்டுக் காலம் பல்லாயிரம் குழந்தைகள் இழந்த படிப்பை யார் திருப்பித் தருவார்கள்?

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. ‘உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை’ என்று பள்ளியில் சொன்னால், அது நல்ல செய்தி என்று மகிழ்ந்து வீடு திரும்பக் கூடாது. அது மருத்துவர் சொன்னதா, ஆசிரியர் சொன்னதா, ஆள் பற்றாக்குறை சொன்னதா என்று கேட்க வேண்டும்.

பணமில்லை என்பது சட்டத்துக்குப் பதிலாகாது

‘பணமில்லை, நாங்கள் என்ன செய்வது?’ என்று அதிகாரி சொன்னால் நம்மவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். பணமில்லாத கஷ்டத்தை அறிந்தவர்கள் அல்லவா? அடுத்தவரின் பணமுடையையும் உடனே நம்பிவிடுகிறார்கள். ஆனால், சட்டம் இந்தப் பதிலை ஏற்பதில்லை.

1971-ல் வாஷிங்டன் நகரில் 7 குழந்தைகளின் பேரில் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஊனத்தையோ நடத்தையையோ காரணம் காட்டிப் பள்ளி அந்தக் குழந்தைகளை வெளியே நிறுத்தியிருந்தது. கல்வி வாரியம், தன்னிடம் பணமில்லை என்றது. நீதிபதி சொன்ன நியாயம் இதுதான்: பணம் போதாமல் இருக்கலாம், நிர்வாகம் சரியில்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தக் குறையின் சுமை, மற்றக் குழந்தைகளை விட ஊனமுற்ற குழந்தையின் தலையில் அதிகமாக விழக் கூடாது. பற்றாக்குறை இருந்தால் அதை எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இதுபோன்ற வழக்குகளின் பலனாக 1975-ல் அந்த நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில், கூடுதல் செலவில் 40 சதவிகிதம் வரை தருவதாக மத்திய அரசு வாக்களித்தது. அரை நூற்றாண்டு ஆகியும் ஒரு முறைகூட அந்த அளவைத் தொடவில்லை என்பது வேறு கதை. அங்கும் பெற்றோர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதில் இளைத்ததல்ல. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது அதன் 31 ஆவது பிரிவு. அக்கம்பக்கத்துச் சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குழந்தையின் விருப்பம், பள்ளியின் விருப்பமல்ல.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இதே சட்டத்தின் 24 ஆவது பிரிவு ஓய்வூதியம், உதவித்தொகை போன்ற சமூகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. அந்த இடத்தில் அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற ஒரு நிபந்தனை இருக்கிறது. கல்வியைப் பற்றிப் பேசும் 16, 17, 31 ஆவது பிரிவுகளில் அந்த நிபந்தனை இல்லை. சட்டம் எழுதியவர்கள் தெரியாமல் விட்டுவிடவில்லை. உதவித்தொகைக்குப் பணமில்லை என்று சொல்ல இடம் வைத்தவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பணமில்லை என்று சொல்ல இடம் வைக்கவில்லை.

உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியிருக்கிறது. 2021 அக்டோபர் 28 அன்று வந்த தீர்ப்பில், சிறப்புக் கல்வி ஆசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக உருவாக்க வேண்டும் என்றது. 2022 ஜூன் மாதம் மத்திய அரசு விகிதத்தை அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். ஆனால் 2025 மார்ச் 7 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டி வந்தது. மூன்றரை ஆண்டு ஆகியும் மாநிலங்கள் இடங்களை நிரப்பவில்லை. பல இடங்களில் எத்தனை இடங்கள் தேவை என்றுகூட அறிவிக்கவில்லை. 3 வாரத்துக்குள் அறிவியுங்கள் என்று நீதிமன்றம் கெடு வைத்தது.

தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. ஆசிரியர் வகுப்பில் இல்லை. இந்த இடைவெளியைத்தான் பெற்றோர் நிரப்ப வேண்டும்.

கட்டியவர்கள் பெற்றோரே

இந்த நாட்டில் சிறப்புக் கல்வியை அரசாங்கம் தானாகக் கொண்டுவந்து தரவில்லை. பெற்றோர்தான் கொண்டுவந்தார்கள். இதே மும்பையில், இன்று சிவ்ரியில் இருக்கும் ஜெய் வக்கீல் பள்ளி 1944-ல் தொடங்கியது, ஒரு பார்சித் தம்பதியர் தம் மகளை எண்ணித்தான். 1972-ல் இங்கே ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவை நிறுவிய மிது ஆலூர், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணின் தாயார். 1985-ல் சென்னையில் ‘வித்யாசாகர்’ என்று இன்று அறியப்படும் நிறுவனத்தைத் தொடங்கிய பூனம் நடராஜனும் அப்படி ஒரு தாயார்தான். 1991-ல் டில்லியில் ஆட்டிசக் குழந்தைகளுக்காக அமைப்புக் கண்ட மேரி பருவாவும் ஒரு தாயாரே. 1995-ல் பல மாநிலப் பெற்றோர் சங்கங்கள் ஒன்றுகூடிப் ‘பரிவார்’ என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. 1999-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குப் பின்னால், ‘எங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?’ என்று கேட்ட பெற்றோரின் குரல் இருக்கிறது.

‘இவர்களெல்லாம் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், மந்திரியைப் பார்த்து இங்கிலீஷில் பேசக் கூடியவர்கள். தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்கிறவனும், ஆன்டாப்ஹில்லில் இட்லி வியாபாரம் பார்க்கிறவளும் இதையெல்லாம் செய்ய முடியுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனி ஆளாக முடியாதுதான். ஆகையால்தான் சேர்ந்து போக வேண்டும் என்கிறோம்.

நம்மவர்களுக்குச் சேர்வது புதிதல்ல. இந்த ஊரில் தமிழர் கால் வைத்த இடமெல்லாம் ஒரு சங்கம் உண்டு; ஒரு மன்றம் உண்டு; கோயில் கமிட்டி உண்டு; ஊர்ப் பெயரில், சாதிப் பெயரில், நடிகர் பெயரில் அமைப்புகள் உண்டு. பொங்கலுக்கு மேடை போடுகிறோம். பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை ஊரிலிருந்து வரவழைக்கிறோம். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால், நம் சாலில், நம் மாடியில், கதவைச் சாத்தி உள்ளே வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தச் சங்கமாவது ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறதா? விழாவுக்கு வசூல் செய்யப் படியேறும் இளைஞர்கள் அதே நடையில் இந்தக் கணக்கையும் எடுத்துவிடலாம். பள்ளியில் படிக்கும் குழந்தைகளை 5 ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும் என்று சட்டம் அரசுக்குச் சொல்கிறது. அரசு எடுக்கும்போது நம் பட்டியல் கையில் இருந்தால், நம் பிள்ளை விடுபடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அதை முன்வினை என்று எண்ணி மறைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. மூத்தவளுக்குச் சம்பந்தம் வராது என்று சின்னவனைப் பின் அறையில் வைக்கிறார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதில் தவறில்லை. அம்மனிடம் போகிற வழியில்தான் பள்ளிக்கூடமும் இருக்கிறது. அங்கேயும் ஒரு நடை ஏறிவிட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ‘ஊனமுற்றவர்’ என்ற சொல்லை மாற்றி ‘மாற்றுத்திறனாளி’ என்று மரியாதையாக அழைக்கப் பழகிவிட்டோம். சொல்லுக்குக் கொடுத்த மரியாதையைப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாமா?

கையில் இருக்கும் ஆயுதங்கள்

இனி, காரியத்துக்கு வருவோம். வேறு மாநிலத்தில் இருப்பதால் நமக்கு உரிமை குறைவு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது தவறு.

முதலாவது, சான்றிதழ். ஒரு மாநிலத்தில் பெற்ற குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016 சட்டமே சொல்கிறது. திருநெல்வேலியில் வாங்கியது மும்பையில் செல்லாது என்று யாராவது சொன்னால், சொல்வது தவறு. சான்றிதழ் இல்லாதவர்கள் இங்கே குடியிருக்கும் முகவரியைக் காட்டியே விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதற்குமான தனித்துவ அடையாள அட்டையும் அதோடு கிடைக்கும். இங்கே அலுவலகங்களில் ‘திவ்யாங்’ என்ற சொல்லைத்தான் சொல்வார்கள். அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பள்ளியில் சேர்ப்பது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, பழைய பள்ளியின் டி.சி. வரத் தாமதம் என்பதற்காகவோ 6 முதல் 14 வயதுக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. 2012-ல் செய்த திருத்தத்தின்படி, கடுமையான குறைபாடு உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறவும் உரிமை உண்டு. ஆனால், இது பெற்றோர் கேட்டுப் பெறும் வசதி. பள்ளி தன் தொல்லையைத் தீர்த்துக்கொள்ளப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வழியாக இதை மாற்ற விடக் கூடாது.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: பள்ளி மேலாண்மைக் குழு. மராத்தியில் ‘ஷாலா வ்யவஸ்தாபன் சமிதி’ என்பார்கள். இதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ப இடம் தர வேண்டும். 2012 திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆக, அந்தக் குழுவில் நமக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பது சட்டம். அதில் போய் உட்காராமல் இருப்பது நாம்.

பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழுதான். அரசு தரும் மானியத்துக்கு அந்தத் திட்டம்தான் அடிப்படை. ‘எங்கள் பள்ளியில் இத்தனை குழந்தைகள், இத்தனை சிறப்புக் கல்வி ஆசிரியர் தேவை, சாய்தளம் தேவை, கழிப்பறைக்குக் கைப்பிடி தேவை’ என்று அதில் ஒரு வரி இருந்தால்தான் மேலே பணம் கேட்க முடியும். அந்த வரி இல்லாவிட்டால், தேவையே இல்லை என்று பொருள். நிதியாண்டு முடிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இந்த வரி ஏற வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்பது பந்தி முடிந்தபின் இலை போடச் சொல்வதாகும்.

நான்காவது, எதையும் எழுத்தில் கேட்பது. வாயால் கேட்டால் வாயால் பதில் வரும். அது காற்றோடு போகும். ‘என் பிள்ளைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சிறப்புக் கல்வி? யார் வருவார்? எந்த நாள்?’ என்று அரைப் பக்கம் எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மராத்தியில் எழுதத் தெரியாவிட்டால் என்ன? இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குமாஸ்தா நண்பர்கள் காலமெல்லாம் ஆபீசுக்காக மனு எழுதிக் கொடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரருக்காக எழுதிக் கொடுக்கக் கூடாதா? பதில் வராவிட்டால், புணேயில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அதே மனுவைத் தபாலில் அனுப்பலாம். வழக்கு வரை போக நேர்ந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987 ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது.

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. இத்தகைய பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான சுழற்சி மாறுதலிலிருந்து விலக்கலாம் என்று 2014 ஜூன் மாதமே உத்தரவு வந்திருக்கிறது. பிள்ளை ஓர் ஆசிரியரிடம் பழகி நாலு வார்த்தை பேசத் தொடங்கும் சமயத்தில் மாறுதல் வந்தால், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த உத்தரவை மேலதிகாரி தாமாக எடுத்துப் படித்துக் காட்டமாட்டார். நாம்தான் காட்ட வேண்டும்.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சு தாமதமான பிள்ளையிடம் ‘வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஒரே பாஷையில் பேசுங்கள்’ என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. இருக்கும் குறைபாடும் கூடுவதில்லை. தாயின் தாலாட்டும் பாட்டியின் அதட்டலும் அந்தப் பிள்ளைக்கு முதல் பாடம். அதைப் பறிப்பதற்குப் பதில், சிறப்புக் கல்வியில் பட்டம் பெற்ற தமிழ் இளைஞர்கள் நம் சமூகத்திலிருந்து வரச் செய்ய வேண்டும். மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. தமிழ்ப் பள்ளியில் தமிழ் தெரிந்த சிறப்புக் கல்வி ஆசிரியர் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

யாருடைய பங்கு இது?

‘நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கே வாத்தியார் போதவில்லை, இவர்களுக்கு எங்கே?’ என்ற பேச்சை நம்மிடையே கேட்கிறோம். இது ஏழையும் ஏழையும் ஒரே ரொட்டிக்குச் சண்டையிடும் பேச்சு. ரொட்டி ஏன் ஒன்றுதான் வந்தது என்று கேட்பதே சரியான கேள்வி. தவிரவும், சிறப்புக் கல்வி தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்தால் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கும், கணக்கைக் கண்டால் அழும் பிள்ளைக்கும் அவர் உதவுவார். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது பழமொழி. இங்கே பிள்ளைக்கு அழத் தெரியாது. தெரிந்தாலும் அதன் அழுகை மந்த்ராலயா வரை கேட்காது. பெற்றோர்தான் அழ வேண்டும். அழுதால் போதாது, கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் போதாது, பத்துப் பேராகப் போய்க் கேட்க வேண்டும். கேட்பவர்கள் இருக்கும் இடத்தில் கத்தரி தயங்கும். கேட்பவர்கள் இல்லாத இடத்தில் அது யாரிடமும் அனுமதி வாங்குவதில்லை.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று இந்த வாரமே பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று அரை நாள் கூலி போகும். போகட்டும். அது அந்தப் பிள்ளையின் பத்து ஆண்டுப் படிப்புக்கு நாம் கட்டும் முன்பணம்.